கோளாம்பிக்காரன்

ஞானசிங்குக்கு அருவருப்பு ஜாஸ்தி. அடுத்தவர் வாய் வைத்த டம்ளரைக் கையால் தொடமாட்டான். சந்தைக்குப் போய்விட்டு வந்தால் முட்டு வரைக்கும் கால் கழுவுவான். கழுவின காலை வெளிச்சத்தில் நீட்டிப் பார்த்துவிட்டு மறுபடியும் ஒரு செம்பு தண்ணீர் விடுவான். யாராவது காறித் துப்பினால் அன்றைக்கு மத்தியானச் சோறு அவனுக்கு இறங்காது. இதெல்லாம் வயிற்றோடு நின்றிருந்தால் யாருக்கும் கேடில்லை. அவன் விஷயத்தில் எல்லாம் முகத்துக்கு வந்துவிடும். மூக்கு மேலே ஏறும், உதடு ஒரு பக்கமாகக் கோணும், கண் இடுங்கிப் போகும். அந்த முகத்தைப் பார்த்தவன் யாராக இருந்தாலும், தான் ஏதோ நாறுகிறோம் என்று நினைத்துக்கொள்வான்.

அந்த முகத்தால் மூன்று வேலை போயிற்று. குளச்சலில் கருவாட்டுக் கிட்டங்கியில் கணக்கெழுத உட்கார்ந்தவன் ஒன்பதாம் நாள் எழுந்து வந்தான். ஆஸ்பத்திரியில் புண்ணுக்கு மருந்து கட்டப் போனான். நோயாளி புண்ணைப் பார்த்து அழவில்லை, இவன் முகத்தைப் பார்த்து அழுதார். கருப்பட்டிக் கடையில் நடந்தது இன்னும் மோசம். கடைக்காரர் நக்கிப் பார்த்து வைத்த கருப்பட்டியை வாங்க வந்தவளிடம் எடுத்துக் கொடுக்கச் சொன்னார். இவன் கொடுத்தான், ஆனால் முகத்தோடு சேர்த்துக் கொடுத்தான். அவள் வாங்காமலே போய்விட்டாள்.

இனி போக்கிடம் ஒன்றுதான் இருந்தது, பீருமேட்டுத் தேயிலைத் தோட்டம். கங்காணி மாதம் ஒரு தடவை தக்கலைக்கு வந்து ஆள் பிடித்துக்கொண்டு போவான். ஞானசிங்கின் மனைவி ராகேலின் அண்ணன் அப்படிப் போனவன்தான். மலைக்காய்ச்சல் வந்து ஏழாம் மாதம் செத்தான். அவனைப் புதைத்த இடத்தைக் காட்டக்கூட ஆளில்லை என்று கடிதம் வந்தது. அதனால் பீருமேடு என்ற பேரைக் கேட்டாலே ராகேல் மடியிலிருக்கிற பிள்ளையை இறுக்கிக்கொள்வாள்.

இந்தச் சமயத்தில்தான் வடசேரி பொன்னுலிங்கம் முதலாளிக்கு ஒரு யோசனை உதித்தது. தேங்காய் வியாபாரத்தில் பணம் பார்த்து, நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரத்துக்கு மோட்டார் பஸ் விட்டிருந்தார். முப்பத்துநாலாம் வருஷம் சரக்கு விஷயமாகக் கொழும்புக்குக் கப்பலில் போனவர், அந்தக் கப்பலிலேயே வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவன் துரைமாருக்குத் தட்டில் சர்பத் நீட்டுவதையும், குமட்டல் வந்தவர்களுக்குப் பாத்திரம் பிடிப்பதையும், எது நடந்தாலும் சிரித்த முகமாக நிற்பதையும் பார்த்தார். கரைக்கு வந்ததும் முதல் காரியமாக, தன் பஸ்ஸிலும் அப்படி ஒருவன் வேண்டும் என்று சொல்லிவிட்டார். வெள்ளைக் கோட்டும் தொப்பியும் தைத்து, ‘பயணச் சேவகன்’ என்று வேலைக்குப் பேரும் வைத்தார். ஊரார் ஒரு வாரம்கூடப் பொறுக்கவில்லை, எச்சில் துப்புகிற பாத்திரத்தின் பேரைச் சூட்டிக் கோளாம்பிக்காரன் ஆக்கிவிட்டார்கள்.

வேலைக்கு ஒன்பது பேர் வந்தார்கள். முதலாளி ஒவ்வொருவனுடைய பல்லையும் மாடு பிடிக்கிறவர் மாதிரிப் பார்த்தார். நகத்தைப் பார்த்தார். வாயை ஊதச் சொல்லி மணந்து பார்த்தார்; இரண்டு பேர் அங்கேயே போனார்கள். பிறகு ஓடுகிற பஸ்ஸில் விளிம்பு முட்ட நிறைந்த டம்ளரைத் தட்டில் வைத்துக்கொண்டு முன்னும் பின்னும் நடக்கச் சொன்னார். பார்வதிபுரம் தாண்டுவதற்குள் நான்கு பேர் மடியெல்லாம் ஈரம். மிச்சமிருந்த மூன்று பேர் முன்னால் ஒரு சட்டியை வைத்து மூடியைத் திறந்தார். உள்ளே மூன்று நாள் ஆன மீன் குடல். முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார் மனுஷன்.

ஞானசிங் அன்றைக்குத்தான் அந்த வித்தையைக் கண்டுபிடித்தான். அவன் சட்டியைப் பார்க்கவே இல்லை. கண் சட்டியின் மேல் இருக்கிற மாதிரி இருந்தது. ஆனால் பார்வை அதற்கு அப்பால் முதலாளியின் வேட்டிக் கரையில் நின்றது. மூச்சை வாய் வழியாக விட்டு, மனசுக்குள் வேதக்கோயில் ஞானப்பாட்டுப் பாடினான். முகம் கல் மாதிரி இருந்தது. மற்ற இருவரும் வெளியே ஓடினார்கள்.

“கொள்ளாம்லே மக்கா,” என்றார் முதலாளி. “ஒரு மாசம் பாப்பேன். மூணு தடவ முகம் சுளிச்சா வீட்டுக்குப் போயிரலாம். பாவா கண்ணாடில பாத்துச் சொல்லுவான்.”

பாவா டிரைவர். தேங்காப்பட்டணத்துக்காரர். ரோட்டைப் பார்க்கிற கண்ணில் பாதியை எப்போதும் தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் வைத்திருப்பார். கெட்ட மனுஷர் இல்லை. ஆனால் முதலாளி கேட்டால் பொய் சொல்லத் தெரியாது.

வேலை என்றால் என்ன வேலை? அதைச் சொல்வதற்கே எனக்கு நாக்கு கூசுகிறது. அந்தக் காலத்தில் மோட்டாரில் ஏறிப் பழகாத சனம். பெட்ரோல் மணமும் வளைவும் சேர்ந்து, தக்கலை தாண்டினதும் ஒவ்வொருவராகத் தலை சாய்வார்கள். ஏறும்போது இட்லியும் பழமும் ஒரு பிடி பிடித்துவிட்டு ஏறுவது வேறு. அடியில் சாம்பல் பரப்பிய இனாமல் சட்டியை ஞானசிங் தாடைக்குக் கீழே பிடிக்க வேண்டும். நெற்றியைத் தாங்க வேண்டும். எலுமிச்சம்பழத்தைக் கீறிக் கொடுக்க வேண்டும். வெற்றிலைக்காரர்களுக்குக் கோளாம்பி நீட்ட வேண்டும். நீட்டினாலும் பாதிப் பேர் அதன் விளிம்பில்தான் துப்புவார்கள், சிலர் அவன் விரலில் துப்புவார்கள். அம்மைமார் பிள்ளையை அவன் கையில் கொடுத்துவிட்டுத் தூங்குவார்கள், பிள்ளை அவன் வெள்ளைக் கோட்டில் போகும். எல்லாவற்றுக்கும் சிரிக்க வேண்டும். பெரிய மனுஷர்கள் என்பவர்கள் எவ்வளவு அழுக்கு என்பது, சட்டி பிடித்தவனுக்குத்தான் தெரியும்.

முன்வரிசையில் மெத்தை போட்ட இருக்கைகளில் உட்காருகிறவர்கள் சொந்தமாகக் கூஜாவில் தண்ணீர் கொண்டுவருவார்கள். பஸ்ஸில் ஞானசிங் வைத்திருக்கும் பானைத் தண்ணீரை அவர்கள் தொடமாட்டார்கள். சட்டி மட்டும் அவன் கையால் ஆகும்.

இருபத்தைந்து நாளில் இரண்டு சுளிப்பு ஆகியிருந்தது. ஒன்று, ஒரு வக்கீல் அவன் கோட்டுக் கையிலேயே வாயைத் துடைத்தபோது. இன்னொன்று, ஒருவர் கக்கி முடித்துவிட்டு, “என்னென்ன வந்திருக்குன்னு பாரு” என்று சட்டியைக் காட்டி விசாரித்தபோது. இரண்டையும் பாவா கண்ணாடியில் பார்த்தார். இரண்டையும் முதலாளியிடம் சொன்னார்.

“இந்த மூஞ்சிய இன்னும் அஞ்சு நாளு அடக்கி வைக்க ஒங்களால முடியாதா?” என்று ராகேல் கேட்டாள். “எனக்க அண்ணனத் தின்ன மலைக்கு எனக்க பிள்ளையையும் தூக்கிட்டுப் போகணுமா? சொல்லுங்கோ.”

“முடியும் ஏட்டி,” என்றான். அதற்கப்புறம் அவன் சட்டிப் பக்கம் கண்ணைத் திருப்பவே இல்லை. பிடிப்பான், வாழையிலைத் துண்டால் மூடுவான், வண்டி நின்றதும் தூரத்துத் தென்னையைப் பார்த்துக்கொண்டே கொட்டுவான். இந்தச் சாமர்த்தியம்தான் அவனைக் கவிழ்த்தது.

இருபத்தெட்டாம் நாள் காலையில், தாசில்தாராக இருந்து பென்ஷன் வாங்குகிற பகவதியப்ப பிள்ளை முன்வரிசையில் ஏறினார். தோளில் ஜரிகை நேரியல், வெள்ளிப் பூண் போட்ட தடி, கையில் கூஜா. மகளுக்குத் திருவனந்தபுரத்தில் மாப்பிள்ளை பேசப் போகிறார். அதற்காகவே இரண்டு வாரம் முன்னால் புதுப் பல் செட்டு ஒன்று செய்து மாட்டியிருந்தார். மேல்வரிசை முழுக்க வரிசை பிசகாத வெள்ளைப் பல். யாரைப் பார்த்தாலும் காரணமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தார். சிரித்துக்கொண்டே புட்டும் பயறும் நாலு பழமும் தின்றுவிட்டு ஏறியிருந்தார் என்பது தக்கலை தாண்டினதும் தெரிந்தது.

ஞானசிங் சட்டியைப் பிடித்தான். பார்வையைச் சன்னலுக்கு வெளியே அனுப்பினான். காது மட்டும் அவன் பேச்சைக் கேட்கவில்லை, எல்லாவற்றையும் கேட்டது. ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்றாவது தடவை குடலே வந்துவிடும் போல. சட்டியில் ‘டக்’ என்று ஏதோ விழுந்தது. பயறு இவ்வளவு சத்தம் போடாதே என்று ஒரு கணம் நினைத்தான். பார்க்கத் தோன்றவில்லை. இலையைப் போட்டு மூடினான். பகவதியப்ப பிள்ளை பாதி மயக்கத்திலேயே கூஜாத் தண்ணீர் முழுவதையும் கொப்பளித்துத் துப்பிவிட்டு, நேரியலை முகத்தில் போட்டுக்கொண்டு சாய்ந்தார்.

குழித்துறைப் பாலம் தாண்டி, எஞ்சினுக்குத் தண்ணீர் விட பாவா வண்டியை நிறுத்தினார். ரோட்டுக்குக் கீழே தேங்காய் மட்டைத் தொண்டு அழுகப் போட்ட குழி ஒன்று. கயிறு திரிப்பதற்காக மாதக்கணக்கில் ஊறுகிற தொண்டு. தண்ணீர் மை மாதிரிக் கறுத்து, மேலே நுரை கட்டி நிற்கும். அழுகின முட்டை நாற்றம் பாலத்திலேயே வரவேற்கும். ஞானசிங் தென்னையின் உச்சியைப் பார்த்தபடி சட்டியை அதில் கவிழ்த்தான்.

பாறசாலைக்குப் பாதி தூரம் போயிருப்பார்கள். பிள்ளை எழுந்து உட்கார்ந்தார். யாரையோ பார்த்துச் சிரிக்கப் போனார். கை வாய்க்குப் போயிற்று. உள்ளே விரலை விட்டுத் துழாவினார். அப்புறம் போட்டாரே ஒரு சத்தம்! பாவா பிரேக்கை மிதித்ததில் பின்னாலிருந்த கூடைகளெல்லாம் முன்னால் வந்தன.

“எனக்க பல்லு! லேய், எனக்க பல்ல எங்கலே களைஞ்ச?”

பல் இல்லாத மேல்வாய் குகை மாதிரி இருந்தது. எச்சில் தெறித்தது. ஞானசிங்குக்கு அந்த ‘டக்’ சத்தம் மறுபடியும் காதில் விழுந்தது.

“சட்டியப் பாக்காமலா கொட்டுன நீ?” என்று பாவா மெதுவாகக் கேட்டார்.

வண்டி திரும்பியது.

குழிக்கரையில் பஸ் சனம் முழுவதும் இறங்கி நின்றது. தேர் பார்க்க வந்த மாதிரி இடம் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மூக்கைப் பொத்திக்கொண்டு வேடிக்கை பார்க்கிற சனத்தைப் போல வெட்கம்கெட்டது உலகத்தில் வேறில்லை. பிள்ளை தடியை ஊன்றி முன்னால் நின்றார். பாவா பக்கத்தில் நின்று அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு ஆகிவிட்டது, பாக்கி ஒன்று.

ஞானசிங் கோட்டைக் கழற்றி மடித்து வைத்தான். தொப்பியை அதன் மேல் வைத்தான். வேட்டியை ஏற்றிக் கட்டிக்கொண்டு இறங்கினான்.

தண்ணீர் தொடை வரைக்கும் வந்தது. தண்ணீரா அது? பழைய கஞ்சி மாதிரி கொழகொழவென்று காலைப் பிடித்தது. ஒவ்வொரு அடிக்கும் அடியிலிருந்து குமிழி வந்து முகத்துக்கு நேரே வெடித்தது. காலையில் அவன் கொட்டியதும் அங்கங்கே மிதந்தது. இனி தென்னையைப் பார்த்துப் பயனில்லை. இதைப் பார்த்தே ஆக வேண்டும். குனிந்தான். கையை உள்ளே விட்டான். அழுகின தொண்டு ஒவ்வொன்றும் கைக்குப் பல் மாதிரியே பட்டது. எடுத்துப் பார்த்தான், போட்டான், மறுபடியும் எடுத்தான். வயிறு தொண்டைக்கு வந்து நின்றது. விழுங்கினான். மூக்கு மேலே ஏறப் பார்த்தது. ஏறவிடவில்லை. ராகேலின் தகரப்பெட்டியை நினைத்தான். அவள் அண்ணன் மலைக்குப் போகும்போது கொண்டுபோகாமல் விட்டுப்போன பெட்டி. இப்போது தன் பிள்ளையின் துணி அதில் இருக்கிறது. அந்தப் பெட்டியை மலைக்குச் சுமக்கக் கூடாது. அதையே நினைத்துக்கொண்டு துழாவினான்.

அரைமணி நேரம். ‘சீக்கிரம் பாருலே’ என்று கரையிலிருந்து யாரோ அதட்டினார்கள். கடைசியில் அது கைக்குக் கிடைக்கவில்லை, கால் பெருவிரலைக் கடித்தது. காலால் நெம்பி, கையால் எடுத்தான். கறுத்த சேறு வழிகிற பல் செட்டு, இரண்டு பல் இடுக்கில் காலையில் தின்ற பயறு அப்படியே இருந்தது.

கரையேறி உள்ளங்கையில் வைத்து நீட்டினான். “ஐயா, ஒரு நிமிசம். பானைல வெள்ளம் இருக்கு, கழுவித் தாறேன்.”

பிள்ளை தடியைக் குறுக்கே நீட்டினார். “வேண்டாம், வேண்டாம். ஒனக்க வெள்ளம் எனக்கு ஆகாது. தீட்டு.”

கூஜா காலி. பிள்ளை ஒரு கணம் யோசித்தார். பிறகு ஞானசிங்கின் உள்ளங்கையிலிருந்து, விரல் படாமல், நேரியல் நுனியால் பல்லை எடுத்தார். இப்படி ஒரு துடை, அப்படி ஒரு துடை. வாயைத் திறந்தார். மாட்டினார். ‘கடக்’ என்று சேர்ந்தது. நாக்கால் ஒரு சுற்று தடவிப் பார்த்துக்கொண்டு, எல்லாரையும் பார்த்துச் சிரித்தார். பயறு இன்னும் அங்கேதான் இருந்தது.

பின்னால் ஒரு பெண் ஓவென்று ஓங்கரித்தாள். இரண்டு மூன்று பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். இருபது வருஷம் வண்டி ஓட்டி எதையும் பார்த்துவிட்ட பாவா, “யா அல்லா” என்று சொல்லித் தரையைப் பார்த்தார். அந்தக் கூட்டத்தில் முகம் சுளிக்காத ஒரே ஆள் ஞானசிங்தான். சேறு சொட்டச் சொட்ட, பானைத் தண்ணீர் இருந்தும் யாருக்கும் உதவாத கையோடு, சிரித்த முகமாக நின்றான். அதுதான் வேலை.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து கிணற்றடியில் முப்பது வாளி ஊற்றிக்கொண்டான். “சுளிச்சியளா?” என்று ராகேல் வாசலிலேயே கேட்டாள். இல்லை என்றான். அவள் அழுதே விட்டாள், சந்தோஷத்தில். அவன் மட்டும் சாப்பிடவில்லை.

மாதம் முடிந்த மறுநாள் முதலாளி கடைக்குக் கூப்பிட்டு அனுப்பினார். பாவாவும் வாசலில் நின்றிருந்தார். பொன்னுலிங்கம் முதலாளி மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒரு கடிதத்தைத் தூக்கிக் காட்டினார். முகமெல்லாம் பல்.

“லேய் ஞானசிங்கு, ஒனக்கு வேல ஸ்திரம் ஆச்சு. யாரு எழுதியிருக்காவன்னு தெரியுமா? தாசில்தார் பிள்ள. நம்ம வண்டிக்கு அவிய கைப்பட எழுதுன கடுதாசி! கேளு.”

உரக்க வாசித்தார். “‘தங்கள் மோட்டாரில் வேலை பார்க்கும் ஞானசிங் என்னும் ஆளின் சேவை எமக்குப் பரம திருப்தி. மற்ற ஜாதியார் நினைக்கவும் கூசும் காரியத்தை முகத்தில் யாதொரு மாறுதலும் இன்றிச் செய்தான். அருவருப்பு என்னும் உணர்ச்சி இந்த ஜாதிக்குப் பிறவியிலேயே கிடையாதாகையால், இவ்விதமான வேலைக்கு இவர்களையே வைத்துக்கொள்வது உசிதம் என்பது எமது அபிப்பிராயம்.’”

வாசித்து முடித்துக் கடிதத்தை மேஜையில் தடவி வைத்தார். “சட்டம் போட்டு வண்டிக்க முன்னால மாட்டப் போறேன். நீ நிக்கிய இடத்துக்கு நேர் மேல.”

ஞானசிங்கின் காதில் முதலில் ஒன்றும் ஏறவில்லை. பிறகு ஏறியது. அருவருப்பு கிடையாது. பிறவியிலேயே. முட்டு வரைக்கும் கால் கழுவுகிறவனுக்கு, அடுத்தவன் எச்சில் பட்ட டம்ளரைத் தொடாதவனுக்கு, அந்தக் குழியில் அரைமணி நேரம் வயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றவனுக்கு. சொன்னது யார்? பயறோடு பல்லை மாட்டிக்கொண்ட வாய்.

“மொதலாளி,” என்றான். “இந்த ஜாதின்னு எழுதியிருக்கது ஒங்களையும் சேத்துத்தானே? எனக்க தாத்தா ஞானஸ்நானம் வாங்குனாரு, ஒங்களுக்க தாத்தா வாங்கல. அவ்வளவுதானே நமக்குள்ள வித்தியாசம்?”

முதலாளி கண்ணாடியைக் கழற்றினார். கடிதத்தை ஒரு தடவை பார்த்தார். முகம் கொஞ்சம் வாடியது, உடனே சரிப்படுத்திக்கொண்டார். “படிச்ச பெரிய மனுசன் எழுதுனா அப்பிடித்தான் எழுதுவாவ. நாம அத எல்லாம் பாக்கப்பிடாது. நல்லதா நாலு வார்த்த இருக்கா, அத எடுத்துக்கிடணும். சட்டியப் பாக்காம இருந்தியே, அது மாதிரித்தான்.”

ஞானசிங் மேஜையைப் பார்த்தான். இந்தத் தடவை பார்வையை எங்கேயும் அனுப்பவில்லை. கடிதத்தை எழுத்தெழுத்தாகப் பார்த்தான். பிறகு தலையைத் தூக்கி முதலாளியின் முகத்துக்கு நேராக முகத்தைக் கொண்டுவந்து, ஒரு மாதமாகப் பூட்டி வைத்திருந்ததை அவிழ்த்துவிட்டான். மூக்கு மேலே ஏறியது. உதடு கோணியது. கண் இடுங்கியது. முழுசாக, நிதானமாக, முதலாளி நன்றாகப் பார்த்து முடிக்கிற வரைக்கும் அப்படியே நின்றான்.

“மூணு ஆச்சு,” என்றான். தொப்பியைக் கடிதத்தின் மேல் வைத்துவிட்டு வெளியே வந்தான்.

பாவா வாசலில் எல்லாவற்றையும் கேட்டிருந்தார். “மக்கா, நான் பாக்கலன்னு சொல்லுகேன். உள்ள போ,” என்றார். முதன்முதலாக ஒரு பொய்க்குத் துணிந்தார் பாவம். ஞானசிங் அவர் கையைப் பிடித்து ஒரு தடவை அழுத்திவிட்டு நடந்தான்.

வீடு வரைக்கும் பீருமேடு கூடவே வந்தது. செய்தது சரி என்று மனசு சொன்னது. ராகேலின் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று அதே மனசு கேட்டது. வீரம் என்று ஒன்றும் தோன்றவில்லை. பயமாகத்தான் இருந்தது.

ராகேல் பிள்ளைக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். தொப்பி இல்லாத தலையைப் பார்த்ததும் அவள் கை நின்றது.

“அஞ்சு நாளு அடக்க முடிஞ்ச ஒங்களுக்கு இன்னைக்கு என்ன கேடு வந்தது?” கிண்ணத்தைத் தரையில் வைத்தாள். “பிள்ளைய நெனச்சியளா?”

அவன் கடிதத்தில் இருந்ததை மட்டும் சொன்னான். ஒரு வார்த்தை பாக்கி வைக்காமல் சொன்னான். அதை வண்டியில் தன் தலைக்கு மேலே மாட்டப் போகிறார்கள் என்றும் சொன்னான்.

ராகேல் கேட்டுக்கொண்டிருந்தாள். பாதியிலேயே அவள் மூக்கு மெல்ல மேலே ஏறியது. உதடு கோணியது. கல்யாணமான இந்த நாலு வருஷத்தில் அவள் முகம் அப்படிப் போய் அவன் பார்த்ததில்லை.

பிள்ளையின் வாயைத் துடைத்துவிட்டு இடுப்பில் தூக்கிக்கொண்டாள். பரணைக் காட்டினாள்.

“அந்தப் பெட்டிய எறக்குங்கோ,” என்றாள். “நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போயி மலக்காய்ச்சலுக்குக் கொய்னா மாத்திர வாங்கி வச்சுக்கிடணும். பிள்ளைக்கும் சேத்து.”